திருகோணமலையில் கடலோர வீட்டு ஏசியை எந்த மாதம் சர்வீஸ் செய்ய வேண்டும்?

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு, ஏசி பூட்டி இரண்டு வருடம், கோடை தொடங்கும்போதெல்லாம் குளிர் குறைந்து காஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது, வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதுமா, எந்த மாதம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வெந்நீர்க் கருவியைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு சர்வீஸ் போதாது. பங்குனிக் கடைசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று என்று இரண்டு வேண்டும். இடையில் நீங்களே செய்ய வேண்டிய கழுவல் வேலை இருக்கிறது. சர்வீஸை விட அதுதான் முக்கியம். காஸ் நிரப்புவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே பிழையை நான் மூன்று வருடம் செய்திருக்கிறேன்.

நான் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது; வெக்கையில் இரவு முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். அவருக்காக 2016 இல் ஒரு 12,000 பீடியூ ஏசி பூட்டினோம். வெளி யூனிட்டைக் கடல் பக்கச் சுவரில் வைத்தார்கள். நல்ல காற்றுப் படுகிற இடம் என்று நானும் சம்மதித்தேன். மழை படக் கூடாது என்று அதற்கு மேலே தகரத்தில் ஒரு கூரையும் அடிப்பித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் ஒருவர் வந்து காஸ் நிரப்பிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். நாலாம் வருடம் அவர் கிடைக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். வந்தவர் காஸ் சிலிண்டரை மோட்டார் சைக்கிளிலேயே விட்டுவிட்டு, ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் கேட்டார்.

"டீச்சர், காஸ் என்பது எரிந்து தீர்கிற சாமான் இல்லை. குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது" என்றார்.

வெளி யூனிட்டின் பின்பக்கம், கொண்டையூசி போல வளைந்திருந்த செப்புக் குழாய்களில் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டே வந்தார். கீழிருந்து மூன்றாவது வளைவில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பக்கத்திலிருந்த அலுமினியத் தகடுகளை நான் விரலால் தொட்டேன். பொரித்த அப்பளம் போல நொறுங்கி வெள்ளைத் தூளாகக் கையில் வந்தது. மூன்று வருடம் நான் கொடுத்த பணம் முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது.

நடந்தது இதுதான். ஏசிக்குள் இருக்கும் காஸ், மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது. வெளியே திரவமாகும்போது அதைக் கொட்டிவிடுகிறது. ஒட்டுகள் சரியாக இருந்தால் பத்து வருடம் போனாலும் அது குறைய வேண்டியதில்லை. ஆனால் வெளி யூனிட்டில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. இரண்டின் மேலும் உப்புத் தண்ணீர் பட்டால் அந்த இடம் ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது. அதில் அரிபடுவது முதலில் அலுமினியம். கடல் தெறித்து நனைய வேண்டும் என்றும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நம் ஊரில் விடியற்காலையில் விறாந்தைக் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கிறது அல்லவா, அதே ஈரம்தான். ஏசியை நிறுத்தி வைத்திருந்தாலும் அரிப்பு நிற்காது.

தகரக் கூரை போட்டதுதான் என் பெரிய பிழை. மாரி மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். கூரை அந்த மழையைத் தடுத்தது. உப்புக் காற்றைத் தடுக்கவில்லை. வெளி யூனிட் மழையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மேலே இருந்து தேங்காயோ ஓடோ விழும் அபாயம் இல்லையென்றால் அதற்குக் குடை பிடிக்காதீர்கள்.

இதனால்தான் நம் பக்கத்தில் கலண்டரை விடக் காற்றைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்கிறேன். ஏசியோடு வரும் புத்தகத்தில் வாடை என்கிற வடகீழ்க் காற்றும் இல்லை, கச்சான் என்கிற தென்மேல் காற்றும் இல்லை. நவம்பர், டிசம்பரில் வாடை கடலிலிருந்து உப்பைக் கொண்டுவருகிறது, கூடவே மழையும் வருகிறது. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் ஆபத்தான காலம். மழை ஓய்ந்துவிடும், ஆனால் காற்று இன்னும் கடல் பக்கமிருந்தே வீசும். படிந்த உப்பைக் கழுவ ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மாதமும் நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளி யூனிட்டைக் கழுவுகிறேன். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவரில் உள்ள சுவிட்சையே நிறுத்திவிட வேண்டும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற குழாயால், மெல்லிய வேகத்தில், பின்புறத் தகடுகளுக்கு நேராக மேலிருந்து கீழே விட வேண்டும். சரித்து அடித்தால் தகடு மடிந்துவிடும். வாகனம் கழுவுகிற அழுத்த யந்திரம் கூடவே கூடாது. வயர்கள் பூட்டியிருக்கும் பக்கத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். கழுவிய பிறகு ஒரு மணித்தியாலம் காயவிட்டுப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கடலோரக் கிணறுகள் கோடையில் இன்னும் உவர்க்கும். குழாய்த் தண்ணீரே நல்லது.

பங்குனிக் கடைசியில் செய்யும் சர்வீஸ், அந்த உப்பை உள்ளும் புறமும் முழுதாகக் கழற்றிக் கழுவுவதற்கு. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுங்கள். பிறகு வெக்கை ஏறிவிடும், யாரும் கிடைக்கமாட்டார்கள்.

அடுத்தது கச்சான். தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை அது கொண்டுவருவது தூசி. அப்போது பார்க்க வேண்டியது உள் யூனிட்டின் ஃபில்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, மறுபக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள்; தூசி உள்ளே இறுகாமல் வந்த வழியே போகும். நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும். எனக்கு இது பத்து நிமிட வேலை. ஃபில்டர் அடைத்தால் குளிர் வரத் தாமதமாகும், யந்திரம் கூடுதல் நேரம் ஓடும். மின்கட்டணத்தில் மாதம் 180 அலகைத் தாண்டியவுடன் இன்னும் கூடிய விலைப் படி தொடங்குவதால், அந்தக் கூடுதல் நேரம் பில்லில் நன்றாகவே தெரியும். 26 பாகையில் வைத்துக் கூரை விசிறியையும் மெதுவாகப் போட்டால் அம்மாவுக்குப் போதுமாக இருக்கிறது.

புரட்டாசிச் சர்வீஸ் மாரிக்கான ஆயத்தம். உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசி வழவழவென்று பிடித்திருக்கும். அதை அப்படியே விட்டால் ஐப்பசியில் சுவர் முழுக்கத் தண்ணீர் இறங்கும். வெளி யூனிட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுங்கள்; ஆணிகளை மாற்றுவதென்றால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். மாரியில் பல வாரம் போடாமல் விடப்போகிறீர்கள் என்றால், மூடுவதற்கு முன் குளிர் இல்லாமல் வெறும் விசிறியில் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. ஐப்பசி இடி தொடங்கினால் சுவர்ச் சுவிட்சை நிறுத்துங்கள். இன்வேர்ட்டர் ஏசியின் மின்சுற்றுப் பலகை மின்னலில் போனால் அதன் விலை உங்களை நோகடிக்கும்.

வெந்நீர்க் கருவி: கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள ஊரில் வீட்டுக்குள் அது பெரும்பாலும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். மாரிக்கு முன், மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து அதைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது உடனே விழாவிட்டால், மின்வேலை செய்பவர் வந்து பார்க்கும்வரை அந்தக் கருவியில் யாரும் குளிக்கக் கூடாது. தொட்டி உள்ளதென்றால் அதற்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் ஏசி. முதலில் ஃபில்டரைக் கழுவிப் போடுங்கள். அதன் பிறகும் உள் யூனிட்டுக்குள் பனி படிந்தால் காஸ் கசிகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வருகிறவரிடம் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அடைத்த பிறகு வெற்றிடப் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பிறகு, யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையைத் தராசில் எடை பார்த்து நிரப்ப வேண்டும். அந்தத் தகட்டில் ஆர்-32 என்று இருந்தால் அது தீப்பற்றக்கூடிய காஸ். பக்கத்தில் சிகரெட்டோ நெருப்போ இருக்கவே கூடாது.

அவர் வருவதற்கு முன், இன்று மாலையே வெளி யூனிட்டின் பின்புறத்தைக் கழுவிவிட்டு, காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள். வெள்ளை போயிருந்தால் அது வெறும் உப்பு, நீங்கள் தப்பிவிட்டீர்கள். கழுவிய பிறகும் தகடு வெள்ளையாக நின்று விரலில் உதிர்ந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அந்தப் பக்கச் செப்பு வளைவுகளிலிருந்தே சவர்க்காரத் தண்ணீரைப் பூசத் தொடங்கச் சொல்லுங்கள்.