“காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறார்”: 18,000 ரூபாய் வகுப்பில் சேரலாமா?

திருப்பூர் மாவட்ட வாசகி ஒருவரின் கேள்வி: “கணவருக்கு 46 வயது. விசைத்தறிக் கூடத்தில் இருபது வருடமாக வேலை. நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே ‘இப்படிப் பண்ணிடு’ என்று முடித்துவிடுவார். இல்லாவிட்டால் வெறும் ‘ம்’. தெரிந்தவர் ஒருவர் தம்பதிகளுக்கான இரண்டு நாள் வகுப்பு இருக்கிறது, 18,000 ரூபாய் என்கிறார். சேரலாமா?”

வேண்டாம். அந்தத் தெரிந்தவருக்கு ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் “அதாவது, நீ சொல்ல வருவது…” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 1957-ல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் எழுதிய சிறு கையேட்டில் பிரபலமான முறை இது. அதுவும் பெரும்பாலும் தொழிலாளர்களிடம் பேசும் மேலாளர்களுக்காக எழுதப்பட்டது. நல்ல முறைதான். ஆனால் கோபத்தில் இருக்கும்போது வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? 1998-ல் திருமண உறவுகளை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மனின் குழுவினர் 130 புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்து எழுதினார்கள். பின்னாளில் சந்தோஷமாக இருந்த ஜோடிகளும் இப்படித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மனைவி பேச்சை எவ்வளவு மென்மையாக ஆரம்பித்தார், கணவர் அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

அதனால் ஆரம்பத்தைக் கவனியுங்கள். அவர் செருப்பைக் கழற்றும்போதே தொடங்க வேண்டாம். சாப்பிட்டு முடிக்கட்டும். “ஒரு விஷயம் சொல்லணும். வழி சொல்ல வேண்டாம், அஞ்சு நிமிஷம் கேட்டா போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். போன தீபாவளிக் கதையை இழுக்காதீர்கள். அவருக்கும் ஒரு வேலை உண்டு: யோசனை சொல்லும் முன் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஒரு தடவை கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவே போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இருபது வருடத் தறிதான். அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? சிரிக்காதீர்கள். இரைச்சலால் வரும் மந்தம் மெல்லிய, கீச்சென்ற ஒலிகளில்தான் தொடங்கும். நீங்கள் பேசுவது கேட்கும்; ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகள் நழுவிவிடுவதால் என்ன சொன்னீர்கள் என்பது பிடிபடாது. பெண்கள், குழந்தைகள் குரலில் சிரமம் இன்னும் அதிகம். அப்போது மனிதர் என்ன செய்வார்? ‘ம்’ என்பார், அல்லது கிடைத்த பாதியை வைத்துப் பதில் சொல்வார். டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாரா, கல்யாண வீட்டில் பேச்சைத் தவிர்க்கிறாரா, முகம் பார்த்துப் பேசினால் மட்டும் சரியாகப் பதில் வருகிறதா என்று கவனியுங்கள்.

இரைச்சலால் வரும் காது மந்தம், சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பும் உண்டு. தறிச் சத்தம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எத்தனை தறிக்கூடங்களில் வருடத்துக்கு ஒருமுறை காதைச் சோதிக்கிறார்கள்? ஆள் செவிடான பிறகும் கோப்பு மட்டும் சுத்தமாக இருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் ‘ஆடியோமெட்ரி’ பரிசோதனை கேளுங்கள். அரை மணி நேர வேலை. காது மிஷின் விற்கும் கடைகளின் ‘இலவச முகாமு’க்கு மட்டும் போக வேண்டாம், அங்கே போனால் தேவை இருக்கிறதோ இல்லையோ, மிஷினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முந்தைய நாள் அவர் விடுப்பு எடுக்கட்டும். தறியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தால், அன்றைய சத்தத்தால் வந்த தற்காலிக மந்தமும் சேர்ந்து அளவில் ஏறிவிடும்.