ரஷ்யாவிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட ஐஸ்பிரேக்கர்கள், அமெரிக்காவிடம் மூன்று: ஏன் இந்த வித்தியாசம்?

பனி உறைந்த கடலில் பாதை திறக்கும் கப்பல்களான ஐஸ்பிரேக்கர்களின் இந்த எண்ணிக்கையைப் பார்த்து வாசகர் ஒருவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். இந்தக் கப்பல்கள் பனியை எப்படி உடைக்கின்றன என்பது ஒன்று. இவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள அமெரிக்கா இதில் ஏன் இப்படிப் பின்தங்கியது என்பது இன்னொன்று.

இரண்டாவதற்குச் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை ஏறக்குறைய சரிதான். ஆனால் அதைப் போர்க்கப்பல் கணக்கு மாதிரி வாசிக்கக் கூடாது. வாசலிலேயே கடல் உறைந்துபோய், அதன் வழியே சரக்கும் போயே தீரவேண்டும் என்ற நிலையில் இருக்கும் நாடு இந்தக் கப்பலைக் கட்டிக்கொண்டே இருக்கும். அந்த நெருக்கடி இல்லாத நாடு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும். அமெரிக்கா அப்படிப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது.

சரி, முதலில் கப்பலைப் பார்ப்போம். கூர்மையான மூக்கால் பனியைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் மூக்கு மழுங்கலாக, கரண்டியின் அடிப்பக்கம் போலச் சரிந்திருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, கப்பல் பனித்தளத்தின் மேல் ஏறுகிறது. பனியை நசுக்கி உடைப்பது கடினம், வளைத்து உடைப்பது சுலபம். மேலே ஏறிய கப்பலின் எடை பனியை வளைக்கிறது, அது உடைகிறது, கப்பல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மெல்லிய பனியில் இது நிற்காமல் நடப்பதால் கப்பல் சீராகப் போவது போலத் தெரியும். தடித்த பனி வந்தால் பின்வாங்கி, வேகமெடுத்து மோத வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதி மணிக்கணக்கில் சில நூறு மீட்டர் மட்டுமே முன்னேறுவதும் உண்டு.

உடைப்பதைவிடப் பெரிய தலைவலி உடைந்த துண்டுகள்தான். அவை கப்பலின் அடியில் உரசிக்கொண்டே போகும், புரொப்பெல்லரில் சிக்கும், பின்னால் வரும் சரக்குக் கப்பலின் பாதையை அடைக்கும். ஆகவே துண்டுகளைப் பக்கவாட்டில் பனித்தளத்துக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி கப்பலின் அடிப்பகுதியை வடிவமைக்கிறார்கள். உராய்வைக் குறைக்கத் தனிப் பூச்சு உண்டு. சில கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழிருந்து காற்றுக்குமிழிகளை ஊதிப் பனிக்கும் கப்பலுக்கும் இடையே நீரை ஓடவிடுகிறார்கள். இருபக்கமும் தொட்டிகள் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை வேகமாகப் பம்ப் செய்து கப்பலையே இடவலமாக ஆட்டிப் பிடியிலிருந்து விடுபடுவதும் ஒரு வழி.

இந்த வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. பனியில் ராஜாவாக இருக்கும் கப்பல் திறந்த கடலில் தாறுமாறாக உருளும். சாதாரணக் கப்பலின் ஆட்டத்தைக் குறைக்க அடிப்பக்கத்தில் வைக்கும் துடுப்பு போன்ற தகடுகளைப் பனி பிய்த்துவிடும் என்பதால் இங்கே வைக்க முடியாது. அண்டார்க்டிகா போகிற ஐஸ்பிரேக்கர் மாலுமிகளுக்குப் பனியைவிட வழியில் வரும் தெற்குப் பெருங்கடல்தான் கொடுமை.

அப்புறம், பனி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அது ஒரே பொருள் அல்ல. அந்தக் குளிர்காலத்தில் உறைந்த புதுப் பனியில் உப்பு கலந்திருக்கும், ஓரளவு இளக்கமாக இருக்கும். கோடையைத் தாண்டி உயிரோடிருக்கும் பழைய பனியில் உப்பு வடிந்துவிடும். அது பாறை மாதிரி. காற்று பனித்தளங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி உருவாக்கும் மேடுகள் இன்னும் மோசம், நீருக்கு மேல் தெரிவதைவிடப் பல மடங்கு கீழே இருக்கும். இதைப் புரிந்துகொண்டால்தான் நாடுகளின் கப்பல் கணக்கு புரியும்.

பின்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் வந்தால் அந்த நாட்டின் துறைமுகங்கள் எல்லாமே உறையக்கூடியவை. வெளிநாட்டு வணிகத்தின் பெரும்பகுதி கடல் வழியாகத்தான். அதனால் அங்கே ஐஸ்பிரேக்கர் என்பது சாலையைத் துப்புரவு செய்யும் வண்டி போல ஓர் அன்றாடப் பொதுச் சேவை. பால்டிக் கடலில் பழைய பனியே கிடையாது என்பதால், 1954-இல் வந்த வோய்மா போன்ற கப்பல்களின் முன்பக்கத்திலேயே இரண்டு புரொப்பெல்லர்களை வைத்தார்கள். அவை பனிக்கு அடியிலிருக்கும் நீரை உறிஞ்சித் தள்ளுவதால் பனி தாங்கல் இல்லாமல் உடையும். இதே அமைப்பை வடதுருவப் பழைய பனிக்குள் கொண்டுபோனால் புரொப்பெல்லர் இறக்கைகள் மிஞ்சாது. பின்பக்கத்தில் ஒரு பள்ளமும் வைத்திருப்பார்கள். சிக்கிய சரக்குக் கப்பலின் மூக்கை அதில் பொருத்திக் கம்பியால் இறுக்கிக் கட்டி, இரண்டும் ஒரே கப்பல் போல நகரும். குளிர்காலத்தில் கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணைய வரைபடத்தில் போத்னியா வளைகுடாவைத் திறந்து பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஸ்வீடன் கப்பலும் பின்லாந்து கப்பலும் கொடி வித்தியாசம் பார்க்காமல் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு சரக்குக் கப்பல்களை இழுத்துப் போவது அதில் நன்றாகத் தெரியும்.

இப்படி வருஷா வருஷம் வேலை இருந்ததால்தான் பின்லாந்துக்காரர்கள் இந்தத் தொழிலில் கரைகண்டார்கள். ஹெல்சின்கியில் பனியை உறையவைத்து மாதிரிக் கப்பல்களைச் சோதிக்கும் தொட்டியே வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு அடியில் முழுவட்டமாகத் திரும்பக்கூடிய கூண்டுக்குள் மின்மோட்டாரையும் புரொப்பெல்லரையும் வைக்கும் அசிபாட் அமைப்பு அங்கே பிறந்ததுதான். அது வந்தபின் ஒரு விசித்திரமான யோசனை நடைமுறைக்கு வந்தது: சாதாரணக் கடலில் முன்னோக்கிப் போ, கடும்பனி வந்தால் திரும்பிப் பின்பக்கத்தால் உடைத்துக்கொண்டு போ. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் கடந்த ஐம்பது வருடங்களில் வந்த மிக அழகான யோசனை இதுதான், அணு உலைகூட இரண்டாம்பட்சம்.

இப்போது ரஷ்யா. வடகடல் வழி என்று அவர்கள் சொல்லும் பாதை, காரா கடலின் வாயிலிலிருந்து பேரிங் நீரிணை வரை சுமார் 5,600 கிலோமீட்டர். அந்தக் கரையில் நோரில்ஸ்க் போல நாட்டின் மற்ற பகுதியோடு சாலையோ ரயிலோ இணைக்காத தொழில்நகரங்கள் இருக்கின்றன. நோரில்ஸ்கின் நிக்கல் துதின்கா துறைமுகம் வழியாகத்தான் வெளியே வரவேண்டும், 1970களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய வருடம் முழுவதும் அந்தத் தடம் ஓடுகிறது. இந்த மாதிரி இடத்தில் டீசல் கப்பலின் பெரிய பலவீனம் எரிபொருள். முழு பலத்தோடு ஓடும் பெரிய ஐஸ்பிரேக்கர் ஒரு நாளில் நூறு டன்னுக்கு மேல் குடித்துவிடும், அங்கே நிரப்பிக்கொள்ள வழியில்லை. அணு உலை இருந்தால் எரிபொருளை நிரப்பப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கரைக்கு வந்தால் போதும்.

1959-இல் சேவைக்கு வந்த லெனின்தான் போருக்கல்லாத வேலைக்குக் கட்டப்பட்ட உலகின் முதல் அணுசக்திக் கப்பல். முப்பது வருடம் ஓடி 1989-இல் ஓய்வுபெற்றது. இப்போது மூர்மன்ஸ்கில் அருங்காட்சியகம். 1975-இல் வந்த அர்க்திகா, 1977 ஆகஸ்ட் 17 அன்று வடதுருவத்தை அடைந்தது. நீர்மேல் ஓடும் கப்பல் ஒன்று அங்கே போனது அதுதான் முதல்முறை. இன்று ரோசாட்டம் என்ற அரசு அணுசக்தி நிறுவனத்தின் கீழ் எட்டு அணுசக்தி ஐஸ்பிரேக்கர்கள் இருக்கின்றன. வேறு எந்த நாட்டிடமும் ஒன்றுகூட இல்லை. புதிய அர்க்திகா வகையில் ஒவ்வொன்றும் 173 மீட்டர் நீளம், இரண்டு உலைகள், புரொப்பெல்லர்களுக்கு 60 மெகாவாட், கிட்டத்தட்ட 3 மீட்டர் பனி. உலை நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுவதில்லை. நீராவி மின்சாரமாகி, மின்சாரம்தான் மோட்டாரைச் சுற்றுகிறது. பனிக்கட்டி சிக்கி புரொப்பெல்லர் திணறும்போது மின்மோட்டார்தான் தாக்குப்பிடிக்கும். இதே கப்பல் அடியில் சுமக்கும் நீரை வெளியேற்றி ஆழத்தைக் குறைத்துக்கொண்டு யெனிசேய் ஆற்று முகத்துவாரத்துக்குள்ளும் நுழையும். முன்பு இதற்கென்று தைமீர், வைகாச் என்று ஆழம் குறைந்த இரண்டு தனிக் கப்பல்கள் தேவைப்பட்டன. வேடிக்கை என்னவென்றால் அவற்றின் உடலைக் கட்டியது ஹெல்சின்கி. உலையை மட்டும் லெனின்கிராதில் பொருத்தினார்கள்.

ஆனால் அந்த "நாற்பதுக்கு மேல்" என்ற எண்ணில் இந்த ராட்சசர்கள் எட்டுதான். மீதியில் பெரும்பாலானவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க், தூரக் கிழக்கு, அசோவ் கடல் என்று துறைமுக வாயில்களைத் திறந்துவைக்கும் டீசல் கப்பல்கள். அவற்றையும் வடதுருவப் படை என்று எண்ணிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. அலாஸ்காவின் வடகரையில் பெரிய துறைமுகமே இல்லை, குளிர்காலத்தில் அந்த வழியே போகவேண்டிய சரக்கும் இல்லை. கனடா எல்லையில் உள்ள கிரேட் லேக்ஸ் எனும் பெரிய ஏரிகளுக்கு மாக்கினா போன்ற சிறிய கப்பல்கள் போதும். நிரந்தரத் தேவை ஒன்றே ஒன்றுதான்: அண்டார்க்டிகாவின் மக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு வருடம் ஒருமுறை பாதை திறப்பது. வருடத்துக்கு ஒரு வேலை என்றால் பட்ஜெட் போடுகிறவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்?

அந்த வேலையைச் செய்யும் போலார் ஸ்டார் 1976-இல் சேவைக்கு வந்தது. அணு உலை இல்லாத கப்பல்களில் மிகச் சக்திவாய்ந்தவற்றில் ஒன்று, 75,000 குதிரைத்திறன், கேஸ் டர்பைன். நல்ல கப்பல்தான், ஆனால் வயது. அதன் சகோதரிக் கப்பலான போலார் சீ 2010-இல் எஞ்சின் பழுதாகி நின்றுபோனது. அதிலிருந்து பாகங்களைக் கழற்றித்தான் இதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போலார் ஸ்டாரும் 2006 முதல் சில ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் மக்மர்டோவுக்குப் பாதை திறந்தவர்கள் யார் தெரியுமா? ஸ்வீடனின் ஓடன், பிறகு ரஷ்யாவின் விளாதிமீர் இக்னாத்யுக். தன் சொந்த ஆய்வு நிலையத்துக்குச் சோறுபோக ரஷ்யக் கப்பலை வாடகைக்கு எடுத்த நாடு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். இரண்டாவது கப்பலான ஹீலியின் மோட்டார் 2020 ஆகஸ்டில் தீப்பிடித்தது. பல வருடங்களுக்கு முன்பே யாரோ புத்திசாலி வாங்கிக் கிடங்கில் போட்டிருந்த மாற்று மோட்டார் இருந்ததால் தப்பித்தார்கள்.

புதிதாகக் கட்ட 2019-இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2024-இல் முதல் கப்பல் வரும் என்றார்கள். கப்பல் கட்டும் தளம் கைமாறியது, வடிவமைப்பு இழுத்தது, இப்போது 2030 என்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தடித்த சிறப்பு எஃகுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த கைகள் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடைசியாகக் கனரக ஐஸ்பிரேக்கர் கட்டியது 1970களில். இடைவெளியை நிரப்ப, அலாஸ்காவில் எண்ணெய் தேடக் கட்டப்பட்ட ஐவிக் என்ற தனியார் கப்பலை 12.5 கோடி டாலருக்கு வாங்கி ஸ்டோரிஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2024 ஜூலையில் கனடா, பின்லாந்து இரண்டோடும் கூட்டு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே பின்லாந்துத் தளங்களில் கப்பல் கட்ட ஒப்புக்கொண்டார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, பத்து வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

மற்றவர்களை வேகமாகச் சொல்கிறேன். கனடாவின் கடலோரக் காவல்படை எண்ணிக்கையில் ரஷ்யாவுக்கு அடுத்தது. அதே கப்பல்கள் கோடையில் வடக்கே, குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில். அவர்களின் பெரிய கப்பல் லூயி எஸ். செயின்ட் லாரன்ட் 1969-இல் வந்தது, அதற்கு மாற்று இன்னும் கட்டுமானத்தில்தான். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன், தென்கொரியாவின் அராவோன், தென்னாப்பிரிக்காவின் அகுலாஸ் 2 எல்லாம் ஆய்வுக்கும் சரக்குக்குமானவை. ஜப்பானின் ஷிராசேவைக் கடற்படை ஓட்டுகிறது. சீனா கவனிக்க வேண்டிய நாடு. முதல் சுவேலாங் உக்ரைனில் கட்டியது. சுவேலாங் 2, பின்லாந்து வடிவமைப்பில் சீனாவிலேயே கட்டி 2019-இல் வந்தது, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உடைக்கும். அதற்கடுத்த ஜிதி 2024-இல் சேர்ந்தது.

அந்த முதல் சுவேலாங் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2013 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் சிக்கிய ரஷ்யக் கப்பலின் 52 பயணிகளை அதன் ஹெலிகாப்டர்தான் மீட்டு ஆஸ்திரேலியக் கப்பலில் சேர்த்தது. பிறகு சுவேலாங்கே பனியில் மாட்டிக்கொண்டது. போலார் ஸ்டாரை உதவிக்கு அனுப்பினார்கள். அது வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறி இரண்டு கப்பல்களும் தாமாகவே வெளியே வந்துவிட்டன.

கருத்துப் பகுதியில் ஒருவர் "துருவப் பனிதான் உருகுகிறதே, இனி இவை எதற்கு?" என்று கேட்டிருந்தார். பனி குறைந்தால் அந்த வழியே கப்பல்கள் அதிகம் வருகின்றன, அவற்றில் பல கடும்பனிக்குக் கட்டப்படாதவை. பனித்தளம் உடைந்து கிடந்தால் காற்றுக்கு எளிதில் நகர்ந்து மேடு கட்டவும் செய்யும். 2021 நவம்பரில் பனி வழக்கத்தைவிட முன்னதாக வந்து, வடகடல் வழியின் கிழக்குப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிக்கின. அவற்றை வெளியே கொண்டுவர அணுசக்தி ஐஸ்பிரேக்கர்களை அனுப்ப வேண்டியிருந்தது.