விரிகுடாவைச் சுற்றி சைக்கிளில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சமதளச் சாலையில் 30 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டுகிறேன். அடுத்து, ஒரு விரிகுடாவைச் சுற்றி 55 கிலோமீட்டர் போக ஆசை. விரிகுடாவின் வாயை மட்டும் பயணிகள் படகில் கடக்க வேண்டும். எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பதில்: தூரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 30 கிலோமீட்டரைத் திணறாமல் ஓட்டுகிறவருக்கு 55 எட்டும் தூரம்தான். கடற்கரைப் பயணத்தில் ஆளைச் சோர வைப்பது காற்று. அதனால் தொடங்கும் இடத்தைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெயில் ஏற ஏற, நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. வானம் தெளிந்த நாளில் இது பெரும்பாலும் முற்பகல் பிந்தித் தொடங்கி, பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வாக்கில் உச்சத்தைத் தொடும். விரிகுடாவில் இந்தக் காற்று வாய் வழியாக நுழைந்து உட்கோடியை நோக்கி வீசும். ஆகவே உட்கோடியிலிருந்து கிளம்புங்கள். காலை அமைதியில் ஒரு கரை வழியாக வாய்ப்பகுதிக்குப் போய், படகில் கடந்து, மறு கரை வழியாகத் திரும்பினால் காற்று உங்கள் முதுகில் இருக்கும். படகுத்துறை வசதியாக இருக்கிறதே என்று அங்கிருந்து தொடங்குகிறவர்கள், கால் ஓய்ந்த நேரத்தில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எதிர்காற்றை லேசாக எண்ண வேண்டாம். காற்றுத் தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது 15 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், தடை மூன்று மடங்காகிவிடும். ‘போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துக்கொள்ளலாம்’ என்பதும் நடக்காது. 20 கிலோமீட்டரை 14 வேகத்தில் போய், 26 வேகத்தில் திரும்பினால் மொத்தம் 132 நிமிடம். காற்றே இல்லாமல் 20 வேகத்தில் போய் வந்தால் 120 நிமிடம்தான்.

நேரக் கணக்கு இப்படி: 20 வேகத்தில் 55 கிலோமீட்டருக்கு 2 மணி 45 நிமிடம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 5 நிமிடம் சேருங்கள். 400 மீட்டர் என்றால் 20 நிமிடம். நிற்க, குடிக்க, ஒரு பஞ்சர் ஒட்ட 30 நிமிடம். படகுக்குக் காத்திருந்து கடக்க 45 நிமிடம். ஆக 4 மணி 20 நிமிடம். எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு முன்பே படகுத்துறையில் இருப்பீர்கள். கடற்காற்று எழும் நேரத்தில் திரும்பும் பாதையில் இருப்பீர்கள். வெயில் கொளுத்தும் பருவத்தில் ஆறு மணிக்கே கிளம்பி, காற்றுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

உட்கோடியில் தொடங்குவதால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. காற்று பலமாக இருந்து படகு ஓடாவிட்டால், வந்த கரை வழியாகவே பின்காற்றில் திரும்பலாம். சைக்கிளை ஏற்றுவார்களா, ஒரு நடைக்கு எத்தனை சைக்கிள் ஏற்றுவார்கள், அடுத்த படகு எப்போது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முந்தைய இரவு முன்னறிவிப்பைப் பார்க்கும்போது சராசரிக் காற்றோடு நின்றுவிடாமல், திடீர் வீச்சு எவ்வளவு என்பதையும் பாருங்கள். வீச்சு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடற்காற்றை அமுக்கிவிடும் பெரிய பருவக்காற்றோ புயல்சின்னமோ இருந்தால் மேலே சொன்ன ஒழுங்கு பொருந்தாது. அன்றைய திசைக்கேற்ப, முதல் பாதியில் எதிர்காற்று வரும்படி அமையுங்கள்.

கேள்வி: ஒரே பாதைக்கு ஒரு செயலி 780 மீட்டர் ஏற்றம் என்கிறது, இன்னொன்று 430 என்கிறது. எதை நம்புவது?

பதில்: கடலோரப் பாதையில் இந்த வேறுபாடு வழக்கமாக வருவது. செயலிகள் நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்திலிருந்து எடுக்கின்றன. செங்குத்துப் பாறையை ஒட்டிய சாலையில், கோடு சில மீட்டர் தள்ளி விழுந்தாலே ஒரு புள்ளி பாறை உச்சியிலும் அடுத்த புள்ளி நீர்மட்டத்திலும் போய் நிற்கும். அந்தப் பொய்யான ஏற்ற இறக்கமெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். பாலத்தின் மேல் போகும் சாலை பள்ளத்தில் இறங்கி ஏறுவதாகவும், சுரங்கச் சாலை மலையைத் தாண்டுவதாகவும் காட்டும். இவற்றைச் சமன் செய்யும் செயலி குறைந்த எண்ணைத் தரும். ஆனால் அளவுக்கு மீறிச் சமன் செய்தால் உண்மையான சின்ன மேடுகளும் காணாமல் போகும்.

மொத்த எண்ணை விட்டுவிட்டு உயர வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 100 மீட்டர் தூரத்துக்குள் 20, 30 மீட்டர் எழுந்து உடனே இறங்கும் கூர்மையான முள் தெரிந்தால், அந்த இடத்தை வான்படத்தில் தேடுங்கள். பாலமோ சுரங்கமோ பாறை விளிம்போ இருந்தால் அதைக் கழித்துவிடலாம். மிஞ்சுவதில் கவனிக்க வேண்டியவை முனைகளும் ஓடைகளும். கரைச்சாலை ஒவ்வொரு ஓடை வாய்க்கும் இறங்கி, அடுத்த முனைக்கு ஏறும். 30 மீட்டர் ஏற்றம் பத்து முறை வந்தால், சீரான ஒரே 300 மீட்டர் ஏற்றத்தைவிட அது அதிகம் களைப்பாக்கும். ஒரே தாளத்தில் மிதிக்க முடியாது, இறக்கத்தில் கிடைத்த வேகமும் வளைவில் பிரேக் பிடித்தே வீணாகும்.

கேள்வி: வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

பதில்: சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடஞ்சுழி, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழி. அப்படிப் போனால் நீர் உங்கள் ஓரத்திலேயே இருக்கும். உள்நாட்டிலிருந்து வரும் கிளைச்சாலைகள் எதிர்ப்புறத்தில் சேர்வதால், உங்கள் முன்னால் திரும்பும் வண்டிகள் குறையும். தீவைச் சுற்றும்போது இது நேர்மாறு.

நீரோரத்துக்கென்று சில தொல்லைகளும் உண்டு. கடற்கரையை ஒட்டி நிறுத்திய கார்களின் கதவுகள் திறக்கலாம்; ஒரு மீட்டருக்கு மேல் விலகிப் போங்கள். காற்று கொண்டுவந்த மணல் வளைவுகளில் தேங்கியிருக்கும்; வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, மணல்மேல் பிரேக்கையும் சாய்வையும் தவிருங்கள். கட்டிடமோ சுவரோ முடியும் இடத்தில் கடலிலிருந்து பக்கக்காற்று திடீரென்று அடித்து உங்களைச் சாலை நடுவுக்குத் தள்ளும். அந்த இடம் வருமுன் ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரமான ரிம் கொண்ட முன்சக்கரத்தை இந்த மாதிரிப் பயணத்துக்கு எடுத்து வராதீர்கள்.

கேள்வி: பாதையின் ஒரு பகுதி, கடல் ஏறும்போது மூழ்கும் தாழ்ந்த தரைப்பாலம். எப்போது கடக்கலாம்?

பதில்: நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அல்லது தாழ்மட்ட நேரத்தில். ஏறத் தொடங்கிய பிறகு ‘இன்னும் காய்ந்துதானே இருக்கிறது’ என்று இறங்குவது ஆபத்து. நாளுக்கு இரண்டு ஏற்றம் உள்ள கரைகளில் நீர் சீராக ஏறுவதில்லை. தாழ்மட்டத்துக்கும் உயர்மட்டத்துக்கும் 3 மீட்டர் வேறுபாடு என்றால், முதல் மணியில் கால் மீட்டர், இரண்டாவதில் அரை, மூன்றாவதிலும் நான்காவதிலும் முக்கால் முக்கால், ஐந்தாவதில் அரை, ஆறாவதில் கால். நடுவிலுள்ள இரண்டே மணி நேரத்தில் ஒன்றரை மீட்டர் ஏறிவிடும்.

அட்டவணை எந்தத் துறைமுகத்துக்கு உரியது என்று பாருங்கள். ஒடுங்கிய விரிகுடாவின் உட்பகுதியில் உயர்மட்டம் வாய்ப்பகுதியைவிடத் தாமதமாக வரலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில் அட்டவணை அதைச் சேர்த்திருக்கிறதா என்றும் சரிபாருங்கள். நேற்று சரியாக இருந்த நேரம் இன்று சுமார் 50 நிமிடம் தள்ளிப் போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாகும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (வானிலை அறிக்கையில் வரும் அழுத்த அலகு) குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிய பலத்த காற்று அதற்கு மேலும் நீரைக் குவிக்கும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது. சாலையின் விளிம்பும் குழியும் கண்ணுக்குத் தெரியாது. வற்றிய பிறகும் பாசி வழுக்கும், சிப்பி டயரைக் கிழிக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 34 பல், பின் பல்சக்கரங்களில் பெரியதற்கு 28. ஒரு கிலோமீட்டருக்கு 10 சதவீத ஏற்றம் இருக்கிறது. போதுமா? டயரில் எவ்வளவு காற்று அடிப்பது?

பதில்: இளம் கால்களுக்குப் போதும், நிதானமாகப் போகிறவருக்குப் போதாது. சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொண்டால், இந்தக் கியரில் பெடலின் ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர் போவீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ இருந்தால் அதற்கு ஏறக்குறைய 220 வாட் சக்தி தேவை. அதைத் தர முடியாதபோது சுற்று 45, 40 என்று விழுந்து முழங்காலில் பாரம் ஏறும். பின்னால் 34 பல் போட்டால், அதே 60 சுற்றுக்கு 7.6 கிலோமீட்டர் வேகமும் சுமார் 185 வாட்டும் போதும். மாற்றுமுன் உங்கள் பின் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று பாருங்கள். பழைய செயின் நீளம் போதாமல் போகலாம்.

டயர் அகலம் 28 மில்லிமீட்டர், உங்கள் எடை 70 கிலோ என்றால், ட்யூப் டயரில் 65 முதல் 75 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) போதும். முன்னால் 5 குறைவாக வையுங்கள். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத (ஹூக்லெஸ்) ரிம் என்றால் 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டவே கூடாது.

கேள்வி: கடற்கரைப் பயணம் முடிந்து கழுவித்தான் வைத்தேன். இரண்டே நாளில் செயின் துருப்பிடித்தது ஏன்?

பதில்: கழுவியதோடு விட்டதால். சோப்பு நீர் எண்ணெயை எடுத்துவிட்டது. கண்ணிகளுக்குள் நீரும் கொஞ்சம் உப்பும் தங்கிவிட்டன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தானாக உலராது.

திரும்பிய அன்றே, அழுத்தமில்லாத நல்ல நீரில் கழுவுங்கள். அழுத்த நீர் பேரிங்குக்குள் உப்பைத் தள்ளும். துணியால் துடைத்து, ஓரிரு மணி நேரம் உலர விட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். இரவு முழுக்க ஊறிய பிறகு வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெயில்தான் மணல் ஒட்டி, பற்களை அரைக்கும். டிஸ்க் பிரேக் தட்டில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

மேலோட்டமான துரு எண்ணெயோடு போய்விடும். மடங்காமல் விறைத்த கண்ணி இருந்தால் செயினை மாற்றுங்கள். தேய்மானத்தை அளவுகோலாலேயே பார்க்கலாம்: புதிய செயினில் 24 கண்ணிகள் 304.8 மில்லிமீட்டர், 306.3 ஆகிவிட்டால், பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரம் உள்ள வண்டிகளில் மாற்றும் நேரம். மாதம் ஒருமுறை சீட் தண்டைக் கழற்றித் துடைத்து, அலுமினியத் தண்டாக இருந்தால் கிரீஸ் பூசுங்கள். இரும்புச் சட்டமும் அலுமினியத் தண்டும் உப்புநீரில் சேர்ந்தால் இறுகிப் பிடித்து, பிறகு எடுக்கவே முடியாமல் போகும்.