நெடும்பயணத்துக்கு எந்த சைக்கிள்? கேள்வி பதில்

கேள்வி: சர்லி டிஸ்க் டிரக்கர், ட்ரெக் 520, கோனா சூட்ரா. மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: மூன்றும் குரோமோலி என்ற உறுதியான கலவை ஸ்டீல் பிரேம்தான். ட்ரெக் 520 என்ற பெயர் 1983-லேயே வந்தது. சூட்ராவோடு பெரும்பாலும் மட்கார்டும் புரூக்ஸ் தோல் சீட்டும் சேர்ந்தே வரும். சர்லிக்கு எல்லாம் தனிச் செலவு. ஆனால் நீங்கள் உயரம் குறைந்தவர் என்றால் சர்லியைப் பாருங்கள். சின்ன பிரேமுக்கு 26 அங்குலச் சக்கரம் கொடுக்கிறார்கள். அதில் பெரிய சக்கரம் என்றால் வளையும்போது கால்விரல் முன் மட்கார்டில் இடிக்கும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் கிராவல் (மண், சரளைப் பாதைக்கான) சைக்கிளிலேயே போகக்கூடாதா?

பதில்: போகலாம், ஏற்றம் வரும்வரை! முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் 42 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதிக்கச் சக்கரம் கிட்டத்தட்ட ஒரு சுற்று ஓடும், அதாவது 2 மீட்டர். டூரிங் சைக்கிளில் முன்னால் 26, பின்னால் 34 பல் இருந்தால் 1.6 மீட்டர்தான், அதனால் மிதிப்பது லேசு. இருபது கிலோ மூட்டையோடு மலை ஏறும்போது அந்த 40 சென்டிமீட்டரின் அருமை முழங்காலுக்குத் தெரியும். அப்புறம், பின்சக்கரம் தள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்லியில் பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் 46 சென்டிமீட்டர். இது குறைந்தால் குதிகால் பின்னால் தொங்கும் பையில் தட்டும்.

கேள்வி: அலுமினிய பிரேம் உடைந்தால் பற்றவைக்க முடியாதாமே?

பதில்: ஸ்டீல் அளவுக்கு எளிதில்லை, உண்மைதான். ஆனால் பிரேம் உடைவது அபூர்வம். கோகா வேர்ல்ட் டிராவலர் என்ற டூரிங் சைக்கிள் அலுமினியம்தான், அதில் கண்டம் கடந்தவர்கள் ஏராளம். உடைவது பின்சக்கர ஸ்போக் கம்பி. எனக்கு ஒரே பயணத்தில் மூன்று போயின, மூன்றும் செயின் பக்கம். கேசட்டை (பின்பக்கப் பல்சக்கர அடுக்கை) கழற்றினால்தான் மாற்ற முடியும். கழற்றும் கருவி என்னிடம் இல்லை. 36 கம்பிச் சக்கரம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரோலாஃப் ஹப் தேவையா?

பதில்: ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி. இதில் 14 கியரும் அதற்குள்ளேயே, 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். 2008-ல் ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் மார்க் பியூமாண்ட் 194 நாளில் உலகைச் சுற்றி முடித்தது கோகாவில், இந்த ஹப்போடு. விலைதான் சில முழு சைக்கிள்களையே தாண்டும். மூன்று மாதப் பயணத்துக்கு வேண்டாம்.

கேள்வி: பழைய மலைச்சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது...

பதில்: முன்னால் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) இல்லாததுதானே? கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா? சரி, அதுவே போதும். மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.