மார்த்தாண்டத்துக் கடைகளில் முதல் பிறந்தநாள் அலங்காரப் பொருள்கள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

களியக்காவிளையில் வீட்டிலேயே நடக்கவிருக்கும் முதல் பிறந்தநாளுக்கு, மார்த்தாண்டத்துக் கடைகளில் ‘செட்’டாக விற்கும் பாக்கெட் ஒன்றை வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் கருத்து. அட்டைப் படத்தில் சுவரை நிறைத்து நிற்கும் பலூன் வளைவு, உள்ளே இருக்கும் ஐம்பது பலூன்களைக் கொண்டு அமைவது அரிது. கேக் வைக்கப்போகும் சுவரின் நீள உயரத்தை அளந்து, கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டு போய், ஐந்து அங்குலமும் பத்து அங்குலமும் கலந்து உதிரியாக வாங்குங்கள். எட்டடி வளைவுக்கு ஏறத்தாழ நூறு பலூன்கள் செல்லும். கைப்பம்ப் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள், வாயால் ஊதித் தீராது.

இரண்டு பருவமழையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நிறத்தைவிட ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரில் டபுள் சைடு டேப் நிற்காது. நின்றாலும், கழற்றும்போது சுண்ணாம்பையும் பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும். ஆகவே ஜன்னல் கம்பியிலிருந்து கம்பிக்கு நரம்புக் கயிறு கட்டி, தோரணத்தையும் பளபளப்புத் திரையையும் அதில் தொங்கவிடுவதே நல்லது. கிரேப் தாள் ஈரக்காற்றில் துவண்டுபோவதோடு, நனைந்தால் சாயத்தைச் சுவரில் இறக்கிவிடும் என்பதால், மழை மாதங்களில் அதை நான் வாங்குவதேயில்லை. முற்றத்தில் பந்தல் போடுவதாக இருந்தால், வெயில் படும் இடத்தில் பலூன்களைக் கட்டாதீர்கள். ரப்பர் பலூன் சிறிது நேரத்திலேயே பளபளப்பு மங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கும்.

‘1’ என்ற எண்ணும் பெயரின் எழுத்துகளும் ஃபாயில் பலூனாகக் கிடைக்கும். இவற்றுக்குச் சாதாரணக் காற்றே போதும், ஹீலியம் தேவையில்லை. கடையிலேயே ஊதச் சொல்லி, மடிப்பு ஓரங்களில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். நேரில் வாங்குவதில் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுதான். ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூன் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் இறங்கிவிடும் என்பதால், அதை விழா நாளன்றே நிரப்பச் சொல்லுங்கள். சிலிண்டரில் இருப்பது ஹீலியம்தானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஹைட்ரஜன் தீப்பற்றும், அதைக் கேக்கின் மெழுகுவத்திக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. ஸ்னோ ஸ்பிரேயும் எரியக்கூடியதே. அதை வற்புறுத்தி விற்கும் கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

அலங்காரத்துக்கான தெர்மகோலும் பலூனில் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரியிலும் கேரளம் 2020 ஜனவரியிலும் தடை கொண்டுவந்துவிட்டதால், எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக் கடைகளுக்குப் போனால் தாராளமாகக் கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்வதில் பொருளில்லை. எழுத்துகளைத் தடித்த அட்டையில் வெட்டித் தரச் சொன்னால் தெர்மகோலைவிட அழகாகவே இருக்கும்.

வீட்டில் ஒரு வயதுக் குழந்தை இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். வெடித்த பலூனின் துண்டுகள் தொண்டையில் சிக்கினால் மூச்சை அடைத்துவிடும். எனவே வளைவைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, தரையில் பலூன்களைப் பரப்புவதைத் தவிருங்கள். துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கும் வேலையைப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஜிகினாத் தூள் தூவுவதும் வேண்டாம்.

நவம்பர் கடைசியிலிருந்து கடைகளின் முன்பக்கம் முழுவதையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் பிடித்துக்கொள்ளும். விழா அந்தச் சமயத்தில் வந்தால், பிறந்தநாள் சரக்கை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிரிக்காத பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.