டீச்சரின் இரண்டு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அம்மாச்சி சென்ற ஆண்டு காலமானார். 1954 ஜூனில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து 1992இல் ஓய்வு பெற்றவர். தம்பிகள் மூன்று பேரையும் தன் சம்பளத்தில் படிக்கவைத்தார். வீட்டிலும் அவருக்கு ‘டீச்சர்’ என்றுதான் பெயர். தாத்தாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில். யாரைக் கேட்டாலும் ‘தங்கமான மனுஷி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அம்மா மட்டும் வேறொன்று சொல்வார். அம்மாவும் அந்த வகுப்பில்தான் படித்தார். முதல் வாரம் மறந்துபோய் ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டார். அம்மாச்சி திரும்பியே பார்க்கவில்லை, ‘டீச்சர்’ என்று சொன்ன பிறகுதான் பார்த்தாராம். அறுபதைத் தாண்டியும் அம்மாவுக்கு அது ஆறவில்லை. இதை எழுதலாமா?

இன்னும் இரண்டு சிக்கல். வயது 91 என்று ஒரு கட்சி, 93 என்று ஒரு கட்சி. அப்புறம், அம்மா விடுதியில் இருந்தபோது 1981இல் அம்மாச்சி எழுதிய கடிதங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அந்தப் பழைய தும்பிக்கை வைத்த ‘லை’தான். புது எழுத்து அவருக்குக் கடைசிவரை பழகவில்லை என்கிறார் மாமா. அப்படியே எழுதிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரி,

வயதை முதலில் முடித்துவிடலாம். 1992இல் ஓய்வு என்றால் அன்று 58, அதாவது பணிப்பதிவேட்டில் பிறந்த வருடம் 1934. உங்கள் 91 அங்கிருந்து வருகிறது. 93 என்பது வீட்டுக் கணக்காக இருக்கும். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார், அதுதான் ஆயுளுக்கும் பிறந்தநாள். இரண்டையும் போடுங்கள். சண்டையையும் சேர்த்தே போடுங்கள், படிக்க நன்றாக இருக்கும்.

மாமா சொன்னதை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் போட்டது 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி. 1935இலிருந்தே அவர் குடிஅரசில் அச்சிட்டுவந்த வடிவங்கள்தாம் அவை. ணை, லை, ளை, னை நான்குக்கும் தலைமேல் இருந்த தும்பிக்கை போய், கை, தை போல முன்னால் இணைக்கொம்பு வந்தது. ணா, றா, னா, இவற்றின் ஒகர ஓகார எழுத்துகள் எல்லாம் சேர்த்து மொத்தம் 13.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பழைய எழுத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வசதி கிடையாது. அணில், ஆடு, இலை. மூன்றாவது சொல்லிலேயே லை வந்து நிற்கிறது. இலை முடிந்தால் தலை, மலை, யானை. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர் பலகையில் யானை என்று எழுதிவிட்டு, “னையப் பாரு, தும்பிக்கை இருக்கா?” என்று கேட்பார். அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்போம். 24 வருடம் அப்படி எழுதிய கை, அதன்பின் 14 வருடம் தும்பிக்கையை எடுத்துவிட்டு எழுதிக்காட்டியிருக்கிறது. பழகாமலா? ஊரிலேயே முதலில் பழகியவர் அவராகத்தான் இருக்கும். ஆக உங்கள் அம்மாச்சிக்கு இரண்டு கையெழுத்து. பலகைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

ஏன் என்று கேட்டால், ராத்திரிக் களைப்பில் கை பழகிய வழியிலேயே போயிருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். அதை நானும் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். கடிதங்களை அம்மாவிடம் கொடுத்து, விஷயத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள், ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும்.

வகுப்பில் நடந்தது உங்கள் அம்மாவின் சொத்து. அவர் சம்மதித்தால் அவர் வார்த்தையிலேயே போடுங்கள். கீழே ‘கண்டிப்புக்குள் ஒளிந்திருந்த பாசம்’ என்று ஒட்டுப் போடாதீர்கள். அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் அம்மாவாக இருக்கக் கூடாது என்று டீச்சர் நினைத்திருப்பார், அது நியாயம்தான். அந்த நியாயம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

‘தங்கமான மனுஷி’ பற்றி என் அனுபவம் ஒன்று உண்டு. என் அத்தையும் டீச்சர்தான். அவருக்கு நினைவு மலர் எழுதியது நான். அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம் எல்லாவற்றையும் போட்டு நிரப்பினேன். அவரிடம் படித்த ஒருவர் வாசித்துவிட்டு, “நல்லா இருக்கு சார். ஆனா இது யாரு?” என்று கேட்டார். மானம் போயிற்று. அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்: எழுத்து வராத பிள்ளையின் விரலைப் பிடித்து அத்தை மணலில் எழுதவைப்பாராம். மணி அடித்ததும் ஒவ்வொரு நகத்துக்குள்ளும் போன மணலைத் தீக்குச்சியால் அவரே எடுத்துவிடுவாராம். முப்பது பக்க மலரில் அது இல்லை.

ஆகவே சொந்தக்காரர்களை விட்டுவிட்டுப் பழைய மாணவர்களைப் பிடியுங்கள். ‘டீச்சர் எப்படி?’ என்று கேட்டால் மறுபடியும் தங்கம்தான் வரும். சின்னதாகக் கேளுங்கள். சாக்பீஸை எப்படிப் பிடிப்பார், பெயர் மறந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவார், உங்களைப் பள்ளிக்கு முதலில் கூட்டிவந்தது யார்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அவர் சேர்ந்த 1954, ராஜாஜி அரசின் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் காமராஜர் கைவிட்ட வருடம். மதிய உணவு வந்ததே அதற்கப்புறம்தான். அந்தக் கால டீச்சர்கள் வீடுவீடாகப் ‘பிள்ளை பிடிக்க’ப் போயிருக்கிறார்கள். உங்கள் அம்மாச்சி எந்தெந்தத் தெருவுக்குப் போனார் என்று யாருக்காவது தெரிந்திருக்கும்.

தம்பிகளில் யாராவது இருந்தால் அவரிடம் 1957ஐப் பற்றிக் கேளுங்கள். அந்த ஏப்ரலில்தான் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஒன்றாம் வகுப்பில் இந்தக் கணக்கு வராது, ஆனால் வீட்டில் மூன்று பள்ளிக்கூடத்துத் தம்பிகள் இருந்தால் சாயங்காலம் முழுக்க இதுதான் ஓடியிருக்கும். சம்பளத்தில் படிக்கவைத்தார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த வரிக்குள் நாலு பக்கம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய வேண்டாம். இப்போதிருக்கும் பெரும்பாலான எழுத்துருக்களில் பழைய லை வராது, நீங்கள் அடிக்க அடிக்க அம்மாச்சியின் தும்பிக்கைகள் எல்லாம் தானாக உதிர்ந்துவிடும். படமெடுத்து அப்படியே போடுங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி.