கப்பியின் பேரக்குஞ்சுகள்

அன்புள்ள ஐயா,

ஆற்று மீன்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரே கப்பி மீன் இனம் அருவிக்கு மேலே ஒரு நிறமாகவும் கீழே வேறு நிறமாகவும் இருப்பதைக் 'கண்முன் நடக்கும் பரிணாமம்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. நான் கப்பி மீன் வளர்ப்பவன். ஒரே தாய் ஈன்ற குஞ்சுகளைச் சிறிய தொட்டியிலும் பெரிய தொட்டியிலுமாகப் பிரித்துவிட்டேன். சிறிய தொட்டியில் இருந்தவை குட்டையாகவே நின்றுவிட்டன. இதையும் பரிணாமம் என்பீர்களா? தீனியும் தண்ணீரும் செய்த வேலையைப் பரிணாமத்தின் கணக்கில் எழுதலாமா? அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்றல்லவா படித்திருக்கிறோம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தொட்டியில் நடந்தது பரிணாமம் இல்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் நான் தாண்டிப்போனது பிழைதான்.

உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். ஐரோப்பியக் குளங்களில் குரூசியன் கெண்டை என்றொரு மீன் உண்டு. பைக் என்னும் வேட்டை மீன் இல்லாத குளத்தில் அது ஒடிசலாக இருக்கும். பைக் இருக்கும் குளத்திலோ முதுகு உயர்ந்து தாம்பாளம்போல் ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு இனங்கள் என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் பைக்கோடு சேர்த்து விடப்பட்ட ஒடிசலான குரூசியன் கெண்டைகள் சில மாதங்களிலேயே இப்படி உயர்ந்துவிடுவதை 1992-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. எதிரி இருப்பதைத் தண்ணீரில் கரைந்த வாடையிலிருந்து அறிந்துகொண்டு, பைக்கின் வாய்க்குள் அடங்காத உயரத்துக்கு உடல் வளர்கிறது. இதற்கு உருவ நெகிழ்வு என்று பெயர். உங்கள் குட்டைக் கப்பிகளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பிறகு ஏன் அருவிக் கப்பிகளைப் பரிணாமம் என்கிறேன்? கரீபியக் கடலில் உள்ள டிரினிடாட் தீவின் வடக்கு மலைகளில் ஓடைகள் அருவி அருவியாக இறங்குகின்றன. கீழ்ப்பகுதியில் பைக் சிக்லிட் போன்ற பெரிய வேட்டை மீன்கள் வளர்ந்த கப்பிகளைப் பிடித்துத் தின்கின்றன. அவற்றால் அருவி ஏற முடிவதில்லை. மேலே பெரும்பாலும் ரிவுலஸ் என்ற சிறிய மீன் மட்டும்தான். (ஈரத் தரையில் துள்ளித் துள்ளியே இடம் மாறிவிடும் கில்லாடி அது.) அது கப்பிக் குஞ்சுகளைத் தின்னுமே தவிர, வளர்ந்த கப்பிகளுக்குப் பெரிய ஆபத்தில்லை. கீழே உள்ள ஆண் கப்பி மங்கலாக, சரளைக் கற்களோடு கலந்துவிடும் சிறு புள்ளிகளோடு இருக்கிறது. மேலே உள்ளது ஆரஞ்சும் நீலமுமாக மினுங்குகிறது. பெண்கள் மினுக்கத்தையே விரும்புகின்றன, ஆனால் கீழே மினுங்கினால் உயிர் போகும்.

1976-இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் அந்தத் தீவின் அரிப்போ ஆற்றின் கீழ்ப்பகுதியில் 200 கப்பிகளைப் பிடித்து, அருவிக்கு மேலே கப்பியே இல்லாத, ரிவுலஸ் மட்டும் இருந்த ஒரு கிளையோடையில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆண்களின் நிறம் ஏறியிருந்தது. இதற்கும் தீனிதான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். டேவிட் ரெஸ்னிக் என்ற இன்னோர் உயிரியலாளர் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். 11 ஆண்டுகளுக்குப் பிறகு, இடம் மாற்றப்பட்ட கப்பிகளின் சந்ததியையும் பழைய இடத்துக் கப்பிகளையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே தண்ணீர், ஒரே தீனி கொடுத்து இரண்டு தலைமுறை வளர்த்தார். ஓடையையே பார்த்திராத பேரக்குஞ்சுகளிடமும், பருவமடைவதிலும் குஞ்சு ஈனுவதிலும் இருந்த வேறுபாடு அழியவில்லை. மேல் ஓடையின் பரம்பரை தாமதமாகப் பருவமடைந்தது. குறைவான, ஆனால் பெரிய குஞ்சுகளை ஈன்றது. தொட்டி மாற்றினால் மறைந்துபோவது நெகிழ்வு. இது மறையவில்லை. மரபில் ஏறிவிட்டது.

லட்சம் ஆண்டுக் கணக்கும் பொய்யில்லை. புது இனம் பிரிய நீண்ட காலம் ஆகலாம். மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் இன்றும் ஒரே இனம்தான். ஆனால் அந்த 11 ஆண்டுகள் கப்பிக்கு 30 முதல் 60 தலைமுறை. மனிதருக்கு 30 தலைமுறை என்றால் 700 ஆண்டுகளைத் தாண்டும்.

மீன்கள் பிரிந்து நிற்க அருவிகூடத் தேவையில்லை. காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளத்தின் வேகமே மதிலாக நின்று மீன் கூட்டங்களைப் பிரித்துவைக்கிறது. 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடங்களும் அங்கே உண்டு. அந்தப் பகுதியில் கண்ணும் நிறமும் இழந்த ஒரு சிக்லிட் மீன் வாழ்கிறது. மீனவர் கைக்கு அது செத்தும் சாகாமலும்தான் வந்து சேர்கிறது. தோலுக்கடியில் காற்றுக் குமிழிகள் இருக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே அடித்துவரப்பட்டதன் அடையாளம்.

பாதிச் சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள். மீதியையும் செய்யுங்கள். குட்டைக் கப்பிகளின் குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் விடுங்கள். அவற்றின் குஞ்சுகளையும் அங்கேயே வளருங்கள். இரண்டாம் தலைமுறைவரை பொறுங்கள், ஏனென்றால் தாய் உண்ட தீனியின் தாக்கம் குஞ்சின் உடம்பிலும் தெரியும். இன்னொன்று: பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் அடையாளம் தெரியத் தொடங்கியவுடனே பிரித்துவிடாவிட்டால், எந்தக் குஞ்சுக்கு எது தகப்பன் என்று உங்களால் சொல்ல முடியாது.

அன்புடன்.